பந்தியும் கல்லறையும்

கிறித்தவம் தொடக்கத்தில் சொன்னதற்கு உண்மையாக நடந்துகொண்டதா என்று கேட்பவர்கள் வழக்கமாகக் கான்ஸ்டன்டைன் பேரரசரிலிருந்து ஆரம்பிப்பார்கள். 313-இல் மிலானில் கிடைத்த அரச ஆதரவு, பிறகு சிலுவைப் போர்கள், விசாரணை மன்றங்கள், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை, காலனி ஆட்சிக்குக் கொடுத்த ஆசீர்வாதம் என்று பட்டியல் நீளும். அதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் திருச்சியில் குடியிருக்கும் ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. மேலப்புதூர் வரை போனால் போதும். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே தலைமுறை தலைமுறையாக ஒரு சுவர் நின்றுவந்திருக்கிறது. ஒரு பக்கம் சாதிக் கிறித்தவர்களின் கல்லறைகள், மறுபக்கம் தலித் கிறித்தவர்களின் கல்லறைகள். அதை அகற்றச் சொல்லிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன, மனுக்கள் போயிருக்கின்றன.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முன்பே ஆட்கள் வந்து புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், மங்கிப்போன பெயர் எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டுவார்கள். அன்று மாலை செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிலர் இறந்துபோனவருக்குப் பிடித்த பலகாரத்தைத் தட்டில் வைப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வரிசை வரிசையாக நடந்து போவார். காற்றில் திரி அணைந்துவிடாமல் கையைக் குவித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகள் சுவருக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. சொல்லும் செபம் ஒன்றுதான். கடைசி நாளில் இறந்தவர் அனைவரும் உடலோடு எழுவார்கள் என்பது இரு பக்கத்தாரும் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நம்பிக்கை. அப்படி எழுவதற்காகக் காத்திருக்கும் மண்ணில் ஒருவரை ஒருவர் தீண்டாதபடி பிரித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் அந்த நம்பிக்கைக்கு நேரெதிரான ஒரு காரியத்தை என்னால் யோசிக்க முடியவில்லை.

மூலப் போதனை என்பதைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். மலைப்பொழிவு என்பார் ஒருவர், பகைவரை நேசிப்பது என்பார் இன்னொருவர், உள்ளதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது என்பார் மற்றொருவர். எல்லாமே சரி. ஆனால் நற்செய்திகளைத் தொடர்ச்சியாக வாசிக்கிறவர் கண்ணில் முதலில் படுவது வேறு ஒன்று. இயேசு ஓயாமல் யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வரி வசூலிப்பவன் வீட்டில், பரிசேயன் வீட்டில், தொழுநோயாளியாக இருந்தவன் வீட்டில், புல்தரையில் ஆயிரக்கணக்கானவர்களோடு. அவர்மேல் எதிரிகள் வைத்த குற்றச்சாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது, இன்னாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்பது. கடைசியாகத் தம்மை நினைவுகூரச் சீடர்களிடம் விட்டுப்போனதும் ஒரு சாப்பாடு. கோயில் கட்டச் சொல்லவில்லை, சட்டப் புத்தகம் எழுதித் தரவில்லை. ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே கிண்ணத்திலிருந்து குடிக்கச் சொன்னார். ஆகவே இந்த மதத்தின் உண்மையை எங்கே உரசிப் பார்ப்பது என்று கேட்டால், பந்தியில்தான் என்பேன். பந்தி வஞ்சனை பெரும் பாவம் என்று தெரிந்த ஊர் இது. யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பந்தி முதல் தலைமுறையிலேயே பிளந்தது. அந்தியோகியாவில் யூதர் அல்லாத கிறித்தவர்களோடு சேர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்தவுடன் இலையை விட்டு எழுந்துகொண்டார். விருத்தசேதனக் கட்சிக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அதோடு விடவில்லை, எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகப் பேதுருவைக் கண்டித்ததையும் எழுதுகிறார். சிலுவை மரணம் நடந்து இருபது ஆண்டு சுமாருக்குள் நடந்த கதை இது. ஆதியில் எல்லாம் தூய்மையாக இருந்தது, பிற்காலத்தில்தான் கெட்டது என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும். தலைமைச் சீடரே பந்தியில் வஞ்சனை செய்திருக்கிறார், அதைக் கேட்க ஒருவர் எழுந்தும் இருக்கிறார். இரண்டையுமே வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தியோகியாவில் நடந்தது மதுரையிலும் நடந்தது. 1606-இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைத் துறவி பல ஆண்டுகளாகக் கடற்கரையிலிருந்து வந்துபோகும் பரவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தார். உள்ளூர்க்காரர் ஒருவரையும் அவரால் சேர்க்க முடியவில்லை. பரங்கி மார்க்கம் என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்தது. நோபிலி காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், பிராமணரைச் சமையலுக்கு வைத்து ஒருவேளை மட்டும் மரக்கறி உணவு உண்டார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். தமிழ் உரைநடைக்கு அவர் செய்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது. ஆனால் அந்த வாழ்வுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே சபையைச் சேர்ந்த, ஒரே குருவுக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த பெர்னாண்டஸோடு அவர் இருந்து உண்ண முடியாது. வீட்டைப் பிரித்துக்கொண்டார். நோபிலியின் அறிவையும் துணிவையும் வியந்து எழுதுகிற நூல்கள் நிறைய உண்டு. அந்தக் கிழத் துறவி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி யாராவது மனமுருகி எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

விவகாரம் ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவற்றை நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆணையின் முடிவில், உயர்குலத்தோர் எளியவர்களை இழிவாக நடத்தக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் வசனம் கேட்கும்போதும் அருட்சாதனங்கள் பெறும்போதும் அவர்களை விலக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறார். முன்பகுதி அனுமதி, பின்பகுதி வேண்டுகோள். மதுரை மிஷனில் நிலைத்தது முன்பகுதி.

அதே ஆண்டில் நோபிலி வடக்கு நோக்கிக் கிளம்பினார். திருச்சி அப்போது நாயக்க அரசின் தலைநகராக இருந்த காலம். இங்கேதான் மிஷனின் உள்முரண் வெளியே தெரிந்தது. ஞானஸ்நானம் கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாக வந்தார்கள். பிராமண சந்நியாசி வேடத்தில் இருக்கும் சாமியார் அவர்களைப் பகலில் சந்தித்தால் வேடம் கலைந்துவிடும். ஆகவே இரவில், மறைவாக. 1640 முதல் பண்டாரசுவாமிகள் என்ற இன்னொரு வகைத் துறவிகளை ஏற்படுத்தினார்கள். அவர்கள் எல்லாச் சாதியினரிடமும் போகலாம். பல்தசார் த கோஸ்தா அவர்களில் முதல்வர். இரவில் வரச் சொன்னாலும் அந்த மக்கள் வந்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எதை எதிர்பார்த்து வந்திருப்பார்கள்? அரிசியோ பதவியோ கொடுக்கிற நிலையில் அன்றைய மிஷன் இல்லை. தங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு கடவுளைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த நூறு ஆண்டுகள், மலபார்ச் சடங்குகள் என்று பெயர் பெற்ற இந்த உள்ளூர் ஆசாரங்களை அனுமதிக்கலாமா என்ற சண்டையில் கழிந்தன. 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் நேரில் போய் அருட்சாதனம் கொடுக்கத்தான் வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதிலேயே நிலைமை தெரிகிறது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி முடிவு சொன்னபோது, பறையருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த ஏற்பாட்டை ஒத்துக்கொண்டார். தனிக் குரு வந்தபின் தனி இடம் வருவதற்கு என்ன தடை?

சீர்திருத்தச் சபைகளின் கதை வேறு விதமாகப் போயிருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். திருச்சித் தெப்பக்குளத்துக்கு அருகில் கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. 1766-இல் போதகர் பிரடெரிக் சுவார்ட்ஸ் கட்டியது. அவர் 1762 முதல் திருச்சியில் இருந்தவர். தமிழ், தெலுங்கு, மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி தெரியும். கோட்டைக்குள் ஒரு கட்டிலும் தாமும் அடங்குகிற அளவுக்கு ஒரு பழைய அறையில் குடியிருந்தார், சோறும் காய்கறியும் உணவு, சாயமிட்ட பருத்தித் துணி உடை. படைச் சிப்பாய்களுக்குக் குருவாக இருந்ததற்குக் கும்பினி கொடுத்த ஆண்டுக்கு நூறு பவுண்டில் பாதியைச் சபைக்கே கொடுத்துவிட்டார். ஹைதர் அலி நம்பிப் பேசச் சம்மதித்த ஐரோப்பியர் அவர். தஞ்சை இளவரசர் சரபோஜியைக் கையில் ஒப்படைக்கும் அளவுக்கு அரண்மனை அவரை நம்பியது. தனிமனிதராகப் பார்த்தால் மூலப் போதனைக்கு இவ்வளவு நெருக்கமாக வாழ்ந்த ஒருவரை இந்த ஊர் அதிகம் கண்டதில்லை. அவருடைய சபையிலும் வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். ஒரே கூரை, ஒரே பிரசங்கம், இரண்டு பக்கம். அந்தப் பிரிவு காலப்போக்கில் தானாகக் கரைந்துவிடும் என்று நம்பினார். அவர் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறந்தார். அது கரையவில்லை.

கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் 1826-இல் தெற்கே வந்தபோது இந்தப் பிரச்சினை அவர் முன் வைக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் திருச்சியில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஷ்ரைஃபோகல் என்ற போதகருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் வாசிக்க வேண்டிய ஆவணம். சாதி எங்கெல்லாம் வெளிப்படுகிறது என்று வரிசைப்படுத்துகிறார்: கோயிலில் தனி இருக்கை கேட்பது, திருவிருந்துக்கு வெவ்வேறு நேரத்தில் எழுந்து போவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தனித்தனிப் பக்கம் உட்காருவது, வெளியே சேர்ந்து உண்ண மறுப்பது. இவையெல்லாம் மத நம்பிக்கையால் வருகின்றனவா, வெறும் சமூக அந்தஸ்து பற்றியவையா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அந்தஸ்து என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் அவர் மனம் சாய்கிறது. நல்ல மனிதர், நேர்மையாகக் கேட்டிருக்கிறார். ஆனால் கேள்வியே பிழை என்று நினைக்கிறேன். கிண்ணத்துக்கு முன்னால் காத்திருக்க வைக்கப்பட்டவனுக்கு, தன்னைக் காக்க வைத்தது மதமா அந்தஸ்தா என்பதில் என்ன வேறுபாடு இருக்க முடியும்? ஏப்ரல் 3 அன்று காலை கோட்டைக்குள் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு வந்து குளிக்க இறங்கியவர் தொட்டியிலேயே இறந்துபோனார். புனித யோவான் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து அதே பதவிக்கு வந்த டேனியல் வில்சன் அப்படி யோசிக்கவில்லை. 1833-இல் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக, இறுதியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். பிறகு நேரிலும் வந்தார். எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், கலந்து திருவிருந்து வாங்க வேண்டும். வெள்ளாளக் கிறித்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் தளர்வாக இருந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் பிறகு அவர்களுக்கு இடம் கொடுத்தது.

இதில் என்னை மிகவும் வருத்துவது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து அழைத்துவந்து பிள்ளைபோல் வளர்த்தவர். அவருடைய பாட்டுகளைத் தமிழ்க் கிறித்தவர்கள் இன்றும் மனம் கசியப் பாடுகிறார்கள். அவர் சாதி ஒழிப்பை முழு மூச்சோடு எதிர்த்தார், அதற்காக மிஷன் ஆதரவையும் இழந்தார். சாதி என்பது நாட்டு வழக்கம், விசுவாசத்தில் அது சேராது, வெள்ளைக்காரப் போதகர்கள் தங்கள் வழக்கத்தை எங்கள்மேல் ஏற்றுகிறார்கள் என்பது அவர் கட்சி. அதில் ஒரு பாதி உண்மை. கும்பினிக் கொடியின் நிழலில் நின்று பிஷப் போடுகிற உத்தரவுக்கு, கொடியைக் கழித்துவிட்டு எவ்வளவு தார்மீக பலம் மிஞ்சும் என்று எவரும் கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் சாஸ்திரியார் சொன்னதில் ஏற்க முடியாத பாதிதான் பெரிது. அவர் நாட்டு வழக்கம் என்று சொன்னது, அதே நாட்டில் அதே கோயிலில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களின் வழக்கம் அல்லவே. அவர்களும் இந்த நாட்டார்தாம். அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன், வைணவக் குடும்பம். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே வளர்ந்துவிட்டு, பாலம் தாண்டிப் போய்க் கிறித்தவக் கல்லூரியில் படித்தவன். ஆகையால் இதையெல்லாம் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமையோடு எழுதவில்லை. எங்கள் பக்கத்திலும் இதே கதை உண்டு. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரிக் கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார், கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனி விலகச் சொல்லிக் கல்லெறிந்தார், பிறகு பெருமாள் கட்டளைப்படி அவரையே தோளில் சுமந்து சந்நிதிக்குள் கொண்டுபோனார் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ராமானுஜர் காவிரிக்குப் போகும்போது பிராமணச் சீடர் தோளைப் பிடித்துக்கொண்டு போவார், குளித்து வரும்போது பிள்ளை உறங்காவில்லி தாசர் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். அடியாரின் சாதியை விசாரிப்பது எவ்வளவு கொடிய அபசாரம் என்று பிள்ளை லோகாசாரியார் சூத்திரமாகவே எழுதி வைத்தார். இவ்வளவும் சொன்ன சம்பிரதாயத்தின் தலைமைப் பீடத்தைச் சுற்றி ஏழு மதில்கள் நிற்கின்றன. திருப்பாணாழ்வாரின் மக்கள் கோயிலுக்குள் உரிமையோடு போக 1947-இன் ஆலய நுழைவுச் சட்டம் தேவைப்பட்டது. ஒருவர் சந்நிதியில் இருக்கிறார், அவர் உறவினர் மதிலுக்கு வெளியே என்ற நிலை எத்தனை நூற்றாண்டு நீடித்தது என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: ஒரு மதத்தின் மூலப் போதனை, பத்திரமாகப் பூட்டி வைத்துத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றுகிற சொத்து அல்ல. சாவி வைத்திருந்தவர்கள் அதைக் காப்பாற்றியதாகச் சரித்திரம் சொல்லவில்லை. அதை விடாமல் நினைவில் வைத்திருந்தவர்கள் உள்ளே விடப்படாதவர்கள். திருப்பாணாழ்வார் கதையை ஒரு பெருமையாக எங்களால் சொல்லிக்கொள்ள முடிந்தது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவரால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அவர் அதை ஒரு வாக்குறுதியாகத்தான் கேட்டிருப்பார்.

மறுபடி கிறித்தவர் பக்கம் வருகிறேன். திருச்சி மறைமாவட்டம் ஒரு காலத்தில் தெற்கே வெகுதூரம் பரவியிருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் அதற்குள் அடங்கும். அங்கே வெள்ளாளரும் நாடாரும் சண்டையிட்டு, கடைசியில் ஒரே பீடத்தில் வந்து கூடும் இரண்டு கால்களாகக் கோயிலையே கட்டினார்கள். நடுவில் சுவர். கால்சட்டைக் கோயில் என்று பெயரே வந்துவிட்டது. பீடத்தில் நிற்கும் சாமியார் இரண்டு பக்கத்தையும் பார்ப்பார், ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாது. 1910-இல் அட்ரியன் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள், அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. பிரித்துவைக்கும் உரிமை அங்கே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இடிக்க முடிந்த சுவர்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒருவர் துணிந்தார், நீதிமன்றமும் தடுக்கவில்லை, ஊரும் அழிந்துவிடவில்லை.

அந்தக் காலத்திலேயே திருச்சி நகரத்தில் வேறு ஒன்றும் நடந்தது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரியில் படித்த பிராமண இளைஞர்கள் சிலர் கிறித்தவரானார்கள். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவர்களுக்கு மேரீஸ் தோப்பில் தனிக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார்கள், பழைய ஆசாரங்களோடு வாழ வசதியும் கொடுத்தார்கள். அவர்கள் பட்ட துன்பம் நிஜமானது, அடைக்கலம் கொடுத்ததும் சரிதான். நூற்றுக்கணக்கில் கதவைத் தட்டிய மற்றவர்களுக்கு அந்தக் கவனம் கிடைத்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன்.

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் இருக்கிறது. 1950 மார்ச் 21 அன்று ஜூல் மோன்ஷானினும் ஹென்றி லெ சோவும் தொடங்கியது. மோன்ஷானின் திருச்சி மறைமாவட்டக் குருவாகக் குளித்தலையில் ஏழ்மையோடு வாழ்ந்தவர். காவி, ஆரத்தி, உபநிடத வாசிப்பு, தரையில் உட்கார்ந்து கையால் உண்ணும் சாப்பாடு. பின்னர் 1968-இல் பீட் கிரிஃபித்ஸ் வந்து, 1993-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நான் அங்கே போய் உட்கார்ந்து மன அமைதி பெற்றிருக்கிறேன். அந்த இடத்தை நேசிக்கிறேன். இருந்தாலும் தலித் இறையியலாளர்கள் எழுப்பும் கேள்வி நியாயமானது. இந்தியாவின் ஆன்மாவைத் தேடி வந்தவர்கள் அதை வேதாந்தத்தில் தேடினார்கள். நோபிலி தேடிய திசையும் அதுதான். பக்கத்துச் சேரியில் இருந்த இந்தியாவின் ஆன்மா அவர்கள் கண்ணில் படத் தாமதமாயிற்று.

1950-இல் இன்னொன்றும் நடந்தது. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவர் இன்னும் வெளியே. அரசின் கண்ணில் ஞானஸ்நானம் பெற்ற பறையருக்குச் சாதி போய்விடுகிறது. கல்லறைத் தோட்டத்தின் கண்ணில் போகவில்லை. இந்த இரண்டு கதவும் சாத்திய நடையில் நின்றுகொண்டு நான்காவது தலைமுறையும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறது. சான்றிதழில் மதத்தை மாற்றி எழுதினால் படிப்பும் வேலையும் கிடைக்கும் என்று தெரிந்தும், பிள்ளைக்கு அந்தோணி என்றோ ஆரோக்கியமேரி என்றோதான் பெயர் வைக்கிறது. மாற்றி எழுதியவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றாமல் இருந்தவர்கள் கொடுத்த விலையைத்தான் இங்கே எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுச் சபை வரலாற்றில் இயேசுவின் பந்திக்காக இவ்வளவு காலம் நஷ்டப்பட்டு நின்றவர்கள் யார் என்று ஒரு கணக்கெடுத்தால், அதில் மறைசாட்சிகளுக்கு அடுத்து இவர்கள் பெயர் வர வேண்டும்.

தலைமை அறியாமல் இல்லை. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாடு விசுவாசத்துக்கு விரோதம் என்று தெளிவாகச் சொன்னார். 2008 மார்ச் 9 அன்று விழுப்புரம் பக்கம் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே சாதி மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டு தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தின் பெயரிலிருந்து பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை நீக்கினார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், எல்லாச் சாதியினரோடும் கலந்து பழகியதற்காகவும் பகைக்கு ஆளானவர். பட்டத்தை நீக்கியது சரியான காரியம், நான் மனமார வரவேற்கிறேன். ஒரு புனிதரின் பெயருக்குப் பின்னால் இருந்ததை ரோமிலிருந்து நீக்க முடிந்தது. பங்கு மக்களின் பெயருக்குப் பின்னாலும் கல்லறைக்கு நடுவிலும் இருப்பதை இங்கே உள்ளவர்கள்தாம் நீக்க வேண்டும்.

திருச்சி மாவட்டம் துறையூர் பக்கத்தில் கோட்டப்பாளையம் என்ற ஊர். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு, பாதுகாவலி மகதலா மரியா. திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் இறுதிச் சடங்கிலும் தங்களை ஒதுக்குவதாக அந்த ஊர்த் தலித் கிறித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நிவாரணம் கிடைக்காததால் டெல்லிக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அவர்கள் கேட்பதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்தியோகியாவில் பவுல் எல்லோர் முன்னிலையிலும் கேட்டது அதுதான். அதற்குப் பேதுரு வக்கீல் வைத்ததாக வேதத்தில் இல்லை. மகதலா மரியாவின் திருநாள் ஜூலை 22. அந்த விழாவை யார் யார் சேர்ந்து எடுப்பது, இறந்தவரை எந்த வழியாக எடுத்துப்போய் எங்கே புதைப்பது என்பதைப் பங்கு மக்கள் கோயில் முற்றத்தில் கூடி ஒரே மாலையில் முடிவு செய்துவிடலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.